தீபாவளியன்று வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டீர்களா?

கேள்வி (நான்கு பக்கக் கடிதத்தின் சுருக்கம்):

எனக்கு 36 வயது. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மனைவி பள்ளி ஆசிரியை, மகள் இரண்டாம் வகுப்பு. ரத்தப் புற்றுநோய் வந்த ஏழைக் குழந்தைகளின் சிகிச்சைக்கு நிதி திரட்டுவதற்காக, சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை தனியாக சைக்கிளில் வந்தேன். அக்டோபர் நடுவில் கிளம்பி 41 நாள், சுமார் 3,700 கி.மீ. ஆறு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் சேர்ந்தது.

திரும்பி வந்து ஏழு வாரம் ஆகிறது. எதிலும் பிடிப்பு இல்லை. அலுவலகத்தில் எக்செல் தாளைத் திறந்து வைத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்து லக்னாதோன் ஏற்றத்தை நினைத்துக்கொண்டிருக்கிறேன். விடிகாலை நாலரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது, எழுந்து போக இடமில்லை. பசி மட்டும் குறையவில்லை. நான்கு கிலோ கூடிவிட்டது. இடது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் இன்னும் மரத்துப்போகின்றன. நண்பர்களிடம் பயணத்தைப் பற்றி ஆரம்பித்தால் இரண்டு நிமிடத்தில் போனை எடுத்துவிடுகிறார்கள். முன்பெல்லாம் மகளை நான்தான் பள்ளியில் விடுவேன். இப்போது கூப்பிட்டால் "நான் வேன்லயே போறேன்ப்பா" என்கிறாள். மனைவி எதற்கும் சண்டை போடுவதில்லை, "சரி" என்று மட்டும் சொல்கிறாள். அடுத்த அக்டோபரில், டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தாவை இணைக்கும் தங்க நாற்கரச் சாலை முழுவதும் போகலாமா என்று வரைபடத்தை எடுத்து உட்கார்ந்தபோதுதான் உடம்பில் கொஞ்சம் உயிர் வந்தது. அதற்குத் தனிநபர் கடன் வாங்க வேண்டியிருக்கும். எனக்கு என்ன ஆயிற்று, டாக்டர்?

பதில்:

அன்புத் தம்பிக்கு,

நான் மனநல மருத்துவர்தான். ஆனாலும் முதலில் அந்த இரண்டு விரல்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதைத் தள்ளிப்போடக் கூடாது. சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் ஒரு பாதிக்கும் போகிற நரம்பு, உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கமாக ஒரு குறுகலான வழியில் நுழைகிறது. ஹேண்டில்பாரில் நாள் முழுக்க நீங்கள் கையை ஊன்றியது அந்த இடத்தில்தான். நெடுந்தூரம் ஓட்டுபவர்களுக்கு இது அடிக்கடி வருவது. ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சில வாரங்களில் போய்விடும். உங்களுக்கு ஏழு வாரமாகியும் போகவில்லை. அதே நரம்பு முழங்கையின் உட்பக்கமாகவும் இறங்கி வருகிறது. எங்காவது இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்தது போல இருக்குமே, அந்த இடம். மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றிக் கணினி பார்ப்பது, கையை மடக்கித் தலைக்கடியில் வைத்துத் தூங்குவது, இரண்டும் அதை மறுபடி மறுபடி அழுத்தும். இன்றே நிறுத்துங்கள். இந்த வாரமே ஒரு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பொத்தான் போடும்போது பிடி தளர்கிறது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை வற்றியது போல் இருக்கிறது என்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம்.

உட்காரும் இடத்தில் மரப்பு இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. ஆண்கள் பொதுவாக எழுத மாட்டார்கள். இருந்திருந்தால், இன்னும் இருந்தால், அதையும் அதே மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

அப்படியே ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு, பி12, வைட்டமின் டி. இரும்புச்சத்தோ பி12-ஓ குறைந்தாலும், தைராய்டு மந்தமானாலும், சோர்வும் பிடிப்பின்மையும் அப்படியே மனச்சோர்வின் வேஷத்தில் வரும். என்னிடம் வருகிறவர்களுக்கும் இதைப் பார்த்த பிறகுதான் நான் பேச்சை ஆரம்பிப்பேன்.

பசி உங்கள் குற்றமில்லை. தினமும் ஐந்தாறு மணி நேரம் மிதித்த உடம்புக்கு, சாதாரண நாளைவிட இரண்டாயிரம் மூவாயிரம் கலோரி கூடுதலாகத் தேவைப்பட்டது. வேலை நின்ற அன்றே வயிறும் நிறுத்திவிடாது. அதற்காகப் பட்டினி கிடக்க வேண்டாம். நீங்கள் செய்த தவறு வேறு: கன்னியாகுமரியில் இறங்கியதோடு சைக்கிளை ஹாலில் மாட்டிவிட்டீர்கள். ஓட்டம் நின்ற சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைய ஆரம்பிக்கும். மூன்று நான்கு வாரத்தில் தாக்குப்பிடிக்கும் சக்தி கண்கூடாக இறங்கும். மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்கியதாக எழுதியிருக்கிறீர்களே, அதற்கு இதுதான் காரணம். நரம்பு மருத்துவர் சரி என்றதும், வாரத்துக்கு மூன்று நான்கு நாள், முக்கால் மணி நேரம், பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகத்தில் ஓட்டுங்கள். நாலரைக்கு விழிப்பு வருகிறதல்லவா, அதை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி மனசு.

ஒரு எல்லையை முதலில் போட்டுவிடுகிறேன். நாளின் பெரும்பகுதி மனம் கனத்தோ, எதிலும் நாட்டமில்லாமலோ, தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் இருந்து, கூடவே தூக்கம், சாப்பாடு, கவனம், தன்னைப் பற்றிய மதிப்பு எல்லாம் கெட்டால் அதை மனச்சோர்வு நோய் என்றுதான் பார்க்க வேண்டும். "பயணம் முடிந்த ஏக்கம்" என்று பெயர் வைத்துத் தள்ளிவிடக் கூடாது. உங்கள் கடிதத்தில் அதன் சில அறிகுறிகள் இருக்கின்றன, சில இல்லை. மகள் பேச்சு வரும்போதும் வரைபடத்தைப் பார்க்கும்போதும் உங்கள் எழுத்தில் உயிர் வருகிறது. அது எனக்குக் கொஞ்சம் நிம்மதி. ஆனால் கடிதத்தை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது. ஒருமுறை நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்குமுன் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமில்லாமல் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். "இருந்து என்ன ஆகப்போகிறது" என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் காத்திருக்காமல் கூப்பிடுங்கள்.

இப்போது, எனக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி. 41 நாளும் உங்களுக்கு ஒரே வேலைதான் இருந்தது. காலையில் எழுந்தால் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று தெரியும். சாயங்காலம் வேலை முடிந்ததா இல்லையா என்பதிலும் சந்தேகமே கிடையாது, மீட்டரில் 92 கி.மீ. என்று இருக்கும். காலை வெயில், உடல் உழைப்பு, படுத்ததும் தூக்கம் என்று மனநலத்துக்கு நாங்கள் எழுதித் தருகிற எல்லாமே ஒவ்வொரு நாளும் கிடைத்தது. போதாக்குறைக்கு, வழியெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் நல்லவன் என்று வாழ்த்தினார்கள். இத்தனையும் ஒரே நாளில், காந்தி மண்டபத்துக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொண்ட மத்தியானத்தோடு நின்றுபோனது. மறு திங்கட்கிழமை நீங்கள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இதில் மனம் தடுமாறாமல் இருந்திருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

பெரிய காரியத்தை முடித்தவர்கள் பலருக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா, தன் வாழ்க்கையின் பெரிய மன நெருக்கடி வெற்றிக்குப் பிறகுதான் வந்தது என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். நிலாவில் நடந்துவிட்டு வந்த பஸ் ஆல்ட்ரின் மனச்சோர்வில் விழுந்து சிகிச்சை எடுத்துக்கொண்டார். இலக்கை நோக்கிப் போகும்போது மூளைக்குக் கிடைக்கிற உற்சாகம், இலக்கை அடைந்த பிறகு அதே அளவில் நீடிப்பதில்லை. புது வரைபடத்தை விரித்ததும் உயிர் வந்ததே, அதுவும் இதே கணக்குதான்.

இதுவரை சொன்னதை எந்த மருத்துவரும் உங்களுக்குச் சொல்லியிருப்பார். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றிய ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கடிதம் நான்கு பக்கம். இரண்டாவது பக்கத்தில் தீபாவளி வருகிறது. சியோனிக்கு முன்னால் ஒரு தாபாவில், கயிற்றுக் கட்டிலில் உங்களை உட்கார வைத்து, வாசலில் வரிசையாக அகல் ஏற்றிவிட்டு, அந்த வீட்டுப் பாட்டி பூரியும் கீரும் பரிமாறினார். காசு வாங்கவில்லை. காலையில் கிளம்பும்போது வாழைப்பழத்தை ஒரு கவரில் போட்டு ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டார். படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அன்றைக்குத் திருப்பூரில் உங்கள் மனைவியும் மகளும் தீபாவளியை எப்படிக் கழித்தார்கள் என்று நான்கு பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை.

உங்களுக்கு அக்கறை இல்லை என்று நான் நினைக்கவில்லை. உங்களுக்குத் தெரியாது, அதனால்தான் எழுதவில்லை. அன்று இரவு போனில் பேசியிருப்பீர்கள். அவர் "எல்லாம் நல்லபடியா இருக்கு, நீங்க பத்திரமா இருங்க" என்று சொல்லியிருப்பார். சாலையில் இருப்பவரிடம் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லக் கூடாது என்று நம் வீட்டுப் பெண்கள் பலர் வைராக்கியமாகவே இருக்கிறார்கள். திரும்பி வந்த பிறகாவது நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஏழு வாரமாக உங்கள் கதையை எல்லோரும் கேட்க வேண்டும் என்று காத்திருந்தீர்கள், கேட்கவில்லை என்று வருத்தப்பட்டீர்கள். அவருடைய 41 நாளும் இன்னும் யாரும் கேட்காமலே இருக்கின்றன. அந்த "சரி"க்குள் அதுதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

இதை எடுத்துச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. சுனாமிக்குப் பிறகு, 2005 தொடக்கத்தில், நாகப்பட்டினம் முகாம்களில் ஏழு வாரம் இருந்தேன். வீட்டுக்கு வந்தேன், ஆனால் மனசு வரவில்லை. சாப்பாட்டு மேசையில் யாராவது சினிமாவைப் பற்றிப் பேசினால்கூடக் கோபம் வரும். பத்து நாள் கழித்து, துணி மடிக்கும்போது என் மகனின் டவுசர் பையில் ஒரு தீப்பெட்டி கிடைத்தது. திறந்தால் பஞ்சில் ஒரு பால் பல். நான் இல்லாதபோது விழுந்த முதல் பல். அம்மா வந்த பிறகுதான் சாணியில் உருட்டிக் கூரையில் எறிவேன் என்று பாட்டியிடம் அடம்பிடித்து வைத்திருக்கிறான். நான் வந்து பத்து நாள் அவன் வாயைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் இரண்டு பேரும் மாடிக்குப் போய் அந்தப் பல்லை எறிந்தோம். நான் வீட்டில் இருக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

அதனால் கேளுங்கள். "எப்படி சமாளிச்சே?" என்று பொதுவாகக் கேட்டால் "என்னத்த, சமாளிச்சேன்" என்றுதான் பதில் வரும். உங்களிடம் நாள்வாரியாகக் குறிப்பேடு இருக்கிறதே, அதை எடுத்துக்கொண்டு ஒரு ராத்திரி, மகள் தூங்கிய பிறகு, அவர் பக்கத்தில் உட்காருங்கள். தேதியைச் சொல்லிக் கேளுங்கள். நான் சம்பல் பாலம் தாண்டிய அன்று இங்கே என்ன நடந்தது? ஆதிலாபாத்தில் போன் கிடைக்காமல் இருந்த இரண்டு நாள் நீ என்ன நினைத்தாய்? சம்பளம் வராத மாதம் வீட்டுக் கடன் தவணையை எங்கிருந்து கட்டினாய்? பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்ததா? யாருடன் ஆஸ்பத்திரிக்குப் போனாய்? ஒரே ராத்திரியில் முடியாது. முதலில் ஒன்றுமில்லை என்பார். பிறகு கோபமாக வரலாம். எது வந்தாலும் நடுவில் "எனக்கும் அங்கே" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். ஆறு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாயை நீங்கள் தனியாகத் திரட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டை ஒருவர் ஒற்றையாளாகத் தாங்கியதால்தான் நீங்கள் மிதிக்க முடிந்தது. அதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த வேன். மகளின் வேனை நிறுத்த வேண்டாம். கப்பலில் வேலை பார்ப்பவர்கள், வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வருபவர்கள் வீடுகளில் இந்தச் சிக்கலைப் பல வருடமாகப் பார்க்கிறேன். போனவர் இல்லாமல் நடக்க வீடு கற்றுக்கொண்டுவிடும், வேறு வழியில்லை. வந்தவர் பழைய இடத்தை உடனே கேட்பார், கிடைக்கவில்லை என்றால் தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைப்பார். உங்கள் மகளுக்கு வேனில் சிநேகிதிகள் கிடைத்திருப்பார்கள், ஜன்னல் சீட்டுக்குச் சண்டை இருக்கும். அது அவள் சம்பாதித்தது, அவளிடமே இருக்கட்டும். நாலரைக்கு எழுகிறவருக்கு வீட்டில் வேலையா இல்லை? டிபன் பாக்ஸ் கட்டுங்கள். ஆசிரியை வீட்டில் காலை அரை மணி நேரம் மிச்சமாவது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரே வாரத்தில் தெரியும்.

தங்க நாற்கரம் 5,846 கி.மீ. உங்களால் முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இப்போது முடிவெடுக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கடன் வாங்கி என்றால் கண்டிப்பாக வேண்டாம். பள்ளிக் கோடை விடுமுறை முடியும்வரை அந்த வரைபடத்தை மடித்து வையுங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், முதலில் மனைவியிடம் கேளுங்கள். "சரி" என்ற ஒற்றைச் சொல்லைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இடையில் தூரம் ஓட்டத்தான் வேண்டும் என்றால் பிஆர்எம் என்ற நெடுந்தூர சைக்கிள் ஓட்டம் இருக்கிறது. 200 கி.மீ., பதின்மூன்றரை மணி நேரக் கெடு, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். பயணத்தைப் பற்றிப் பேசவும் அங்கே ஆள் கிடைக்கும். காஷ்மீரின் பானிஹால் குளிரில் பிரேக் பிடிக்க விரல் மடங்கவில்லை என்று நீங்கள் சொன்னால், அவர்கள் போனை எடுக்க மாட்டார்கள். உங்கள் அலுவலக நண்பர்களை மன்னித்துவிடுங்கள். போகாத சாலையை ஒருவரால் இரண்டு நிமிடத்துக்கு மேல் கற்பனை செய்ய முடியாது.

நீங்கள் இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள்: பணத்தைக் கொடுத்த மறுநாளே அந்தக் குழந்தைகளோடு இருந்த தொடர்பு அறுந்துபோனது போல் இருக்கிறது என்று. இது நியாயமான வருத்தம், இதற்கு வழியும் இருக்கிறது. முதலில் கணக்கை முடியுங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு வந்தது, எந்தத் தேதியில் போய்ச் சேர்ந்தது, அறக்கட்டளை எதற்குச் செலவழித்தது என்று ஒரு பக்கம் எழுதி, கொடுத்த ஒவ்வொருவருக்கும் அனுப்புங்கள். 1,850 ரூபாய் சேர்த்துக் கொடுத்த ஆட்டோ ஸ்டாண்டுக்கு நேரில் போய்க் கொடுங்கள். அந்தப் பணத்தில் சிகிச்சை பெற்ற குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள். நோயில் இருக்கும் குடும்பத்துக்கு நன்றி சொல்லும் கடமையும் சேர்ந்தால் பாரம்.

குழந்தைகளுக்கு அதிகம் வருகிற ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டு மூன்று வருடம் நீளும். மருந்தின் வேகத்தில் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) அடிக்கடி குறையும், அப்போதெல்லாம் யாராவது கொடுத்தாக வேண்டும். தட்டணுக்களை ஐந்து நாளுக்கு மேல் சேமித்து வைக்க முடியாது என்பதால், கொடையாளர்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். கோவையில் இதற்கு வசதியுள்ள ரத்த வங்கி ஒன்றில் பெயரைப் பதிவு செய்யுங்கள். ஹீமோகுளோபின் 12.5க்குக் குறையாமல் இருக்க வேண்டும், அதனால் பரிசோதனை முடிவு வந்த பிறகு. ஒருமுறைக்கு ஒன்று ஒன்றரை மணி நேரம் ஆகும். வாழ்த்த யாரும் வழியில் நிற்க மாட்டார்கள். ஒரு குழந்தைக்கு அன்று ரத்தக் கசிவு வராமல் இருக்கும். உங்களுக்கு இது போதுமானதாக இருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் கடிதத்தில் தெரிந்த மனிதர் அப்படிப்பட்டவர்தான்.

கடைசியாக, ஹாலில் மாட்டியிருக்கும் சைக்கிள். ராம்பன் மண்ணும் கிருஷ்ணகிரி மழைச் சேறும் அப்படியே இருக்கிறது, கழுவ மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு சிட்டிகை மண்ணை வேண்டுமானால் டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டு, சனிக்கிழமை அதை இறக்கிக் கழுவுங்கள். மகளிடம் ஒரு பழைய டூத் பிரஷ் கொடுங்கள், செயினை அவள் தேய்க்கட்டும். ஹேண்டில்பார் டேப்பைத் தடிமனாக மாற்றுங்கள், உங்கள் நரம்புக்கும் நல்லது. மறுநாள் காலை அவளுடைய சின்ன சைக்கிளை ஏதாவது வண்டியில் ஏற்றிக்கொண்டு மூன்று பேரும் நஞ்சராயன் குளத்துக்குப் போங்கள். வலசைப் பறவைகள் வந்திருக்கும் நேரம் இது. கரையில் அவள் முன்னால் போகட்டும், நீங்கள் பின்னால் போங்கள். அவள் நிற்கிற இடத்தில் எல்லாம் நீங்களும் நில்லுங்கள்.

நரம்பு மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கு மறக்காமல் எழுதுங்கள். தீபாவளி எப்படிப் போனது என்று உங்கள் மனைவி சொன்னால், அவருக்குச் சம்மதம் என்றால், அதையும் எழுதுங்கள்.